கைப்பிடிச் சுவரைக் கழிக்காமல்

அநியாயம் நடந்தது எனக்கு. சு. இசக்கியம்மாள், எம்.எஸ்ஸி. நிலவியல், இரண்டாம் ஆண்டு, பதிவேட்டில் பெண்கள் வரிசையில் இரண்டாவது பெயர். வேலைவாய்ப்புப் படிவத்தில் 'எதிர்காலத் திட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில், என் பெயருக்கு நேரே, என்னைக் கேட்காமல், பச்சை மையில் 'மேற்படி' என்று எழுதினார் பேராசிரியர் ஞானதிரவியம். எனக்கு மேலே ஆக்னஸ் பிரீடா. அவளிடம் மட்டும் கேட்டிருக்கிறார். அவள் பி.எட்., ஆசிரியப் பணி என்று சொல்லியிருக்கிறாள், அவளுக்கு நிஜமாகவே அதுதான் ஆசை, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டால் அவள் முகமே மாறிப்போகும். அவளோடு சார் கேட்பது முடிந்துவிட்டது. ஆக்னஸுக்குக் கீழே ஏழு பெண்கள், ஏழு மேற்படி. ஆண்கள் பக்கத்தில் ஒவ்வொருவனுக்கும் தனி வாக்கியம். ஒருத்தன் இன்னும் யோசிக்கவில்லை என்று சொன்னானாம், அதையும் 'இன்னும் யோசிக்கவில்லை' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறார். ஒரு பையன் யோசிக்காததற்கு இருக்கிற மரியாதை நான் ஐந்து வருடமாக யோசித்ததற்கு இல்லை. சரி, எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், ஒரு காகிதம்தானே என்று ஆக்னஸ் சொன்னாள். "நான் எனக்குத்தாம்ட்டீ சொன்னேன், ஒனக்குச் சேத்தா சொன்னேன்?" என்று கண் கலங்கவும் செய்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது வெறும் காகிதம் இல்லையே. நீர்வளத் திட்டத்தில் இரண்டு வருடக் களப் பயிற்சியாளர் வேலை, எங்கள் துறைக்கு ஒரே ஒரு இடம். படிவத்தில் 'களப்பணி' என்று இருக்கிற ஆறு பேரை மட்டும் இன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறும் பையன்கள். ஏழாவதாக, கூப்பிடாமல், துறைத்தலைவர் அறைக்கு வெளியே இந்த ஆட்டங்காணும் பெஞ்சில் ஒன்பதரை மணியிலிருந்து நான்.

பெஞ்சின் ஒரு கால் குட்டை. நான் மூச்சை இழுத்து விட்டால்கூட டக் என்கிறது. எதிரே கண்ணாடி அலமாரியில் பாறைத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு, பெயர், கிடைத்த இடம், கொண்டுவந்தவர். பாறைக்குக்கூட யாரும் மேற்படி போடவில்லை, பார்த்தீர்களா. பினாயில் வாசனை, அதற்குள் எங்கேயோ கொதித்துப்போன டீ வாசனை. மூன்றாவது பையன் உள்ளே போயிருக்கிறான். அலுவலகத்து வடிவக்காதான் பெயர் கூப்பிடுகிறாள். காலையில் வந்ததும் அவளிடம்தான் முதல் சண்டை. "லிஸ்ட்ல ஒம்பேரு இல்லியே தாயி." "இல்லைன்னுதாங்க்கா வந்திருக்கேன். இருந்தா கூப்பிடும்போது வந்திருப்பேன்லா." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்கூட வாய் குடுத்தா எனக்குக் காலைச் சாப்பாடு செமிச்சிரும். அந்தா பெஞ்சில உக்காரு. ஆறு பேரும் முடியட்டும், கேட்டுப் பாக்கேன். அதுவரைக்கும் கூட்டம் போடாத." நான் ஒருத்தி எப்படிக் கூட்டம் ஆவேன் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கிக்கொண்டேன் என்பதை எங்கேயாவது குறித்துவைக்க வேண்டும், வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிறதில்லை. இல்லை, பொய். ஒரு முறை நடந்திருக்கிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். மடியில் ஒரு தாள் இருக்கிறது, அதைப் பார்க்கலாம். 'என் ஐந்தாண்டுத் திட்டம்', பத்துக் கோடுகள், பத்தும் காலி.

இந்தத் தாளைக் கொடுத்தவர் போன வாரம் சென்னையிலிருந்து வந்தவர். இந்த வெயிலில் கோட்டு. பொருள் உள்ள தொழில் வாழ்க்கைக்குத் தனிப்பட்ட உத்தி என்று திரையில் எழுதிப் போட்டார். மூன்று வட்டம் வரைந்தார், உனக்குப் பிடித்தது ஒன்று, உனக்கு வருவது ஒன்று, உலகத்துக்குத் தேவையானது ஒன்று, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் ஒரு நட்சத்திரம். அங்கே போய் நில்லுங்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன். ஆக்னஸ் என் முழங்கையைக் கிள்ளினாள், நான் கையை இறக்கவில்லை. "சார், மூணு வட்டமும் சேர்ற எடத்துல ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருந்தா என்ன செய்யணும்?" அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார், நல்ல கேள்வி, டீ நேரத்தில் பேசலாம் என்றார். டீ நேரத்தில் அவர் வாழைக்காய் பஜ்ஜி தின்றார், நான் பக்கத்திலேயே நின்றேன், பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றார். அவரைக் குறை சொல்லி என்ன, வட்டம் தப்பில்லை. எனக்குப் பிடித்தது கிணறு. இதைச் சொன்னால் வீட்டில் பயப்படுகிறார்கள். "ஏட்டி, பொட்டப்பிள்ள பேசுத பேச்சா இது" என்று அம்மா நெஞ்சில் கை வைப்பாள். நான் சொல்வது கிணற்றுக்குள் தெரிகிற தண்ணீர் மட்டம். மேலே நாம் வரப்பு போட்டு, வேலி போட்டு, தெருவுக்குத் தெரு பெயர் வைத்துப் பிரித்து வைத்திருக்கிற நிலத்துக்கு அடியில் அது ஒரே தண்ணீர், ஒரே பரப்பு, மெல்லச் சாய்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கிணறும் அதைப் பார்க்க ஒரு ஓட்டை. அறுபத்திரண்டு ஓட்டை வழியாகப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வரைபடமாக வரைந்துவிடலாம் என்று முதல் வருடத்தில் தெரிந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா சத்துணவில் சமைக்கிறாள், டீச்சர்களைத் தினமும் பார்க்கிறாள். "நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துரலாம், தாலி கட்டுனவனுக்கும் தோது." அப்பா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார், தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல் "ஒன் இஷ்டம்" என்பார். அந்த ஒன் இஷ்டத்தோடுதான் சண்டை போடவே முடியாது. மறுத்தாலாவது நாலு காரணம் கேட்கலாம்.

டக். நாலாவது ஆள் போகிறான். மூன்றாமவன் வெளியே வந்து, என்னைப் பார்த்து, "நீ என்ன இங்க?" என்றான். காற்று வாங்க என்றேன். "உள்ள எல்லாத்துட்டயும் ஒரே கேள்விதான் கேக்காங்க. ஆண்டிகுளத்துல மட்டும் ஏன் தண்ணி எறங்கிக் கெடக்குன்னு." "நீ என்ன சொன்ன?" "வாழைக்குப் பம்ப் போட்டு உறிஞ்சுதாங்கன்னேன். அதான, வேற என்ன?" அவன் போய்விட்டான். அவன் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போகிறது, நான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன், எண்ணினால் யோசிக்க வேண்டாம். ஆண்டிகுளம் வேண்டாம். ஞானதிரவியம் சாரிடம் என்ன கேட்பது என்று யோசி, இசக்கி, நீ வந்தது அதற்கு. படிவத்தைக் காட்டிக் கேட்டபோது என்ன சொன்னார், "பொம்பளப் பிள்ளைகள கெணத்து மேட்டுக்கு ரெண்டு வருசம் அனுப்பிட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வீட்டுக்கு நாம்லா பதில் சொல்லணும். நல்லதுக்குத்தாம்மா." நல்லதுக்கு. போன சித்திரையில் அதே கிணற்று மேட்டுக்கு எங்களை அனுப்பியது யார்? அப்போது கிணறு ஆழமில்லையா? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது, அது ஒரு சட்டமாக எங்கேயும் எழுதியில்லை, ஆனால் எங்கள் துறையில் எல்லா வருடமும் அப்படித்தான்: ஒரு பையன், ஒரு பெண், ஒரு டேப். பையன் டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவான், நனைந்த இடத்தில் வெள்ளை கறுத்திருக்கும், தூக்கி, கணக்குப் போட்டு, அளவைச் சொல்வான். பெண் நோட்டுப் பிடிப்பாள். அவன் சொல்வதை எழுதுவாள். எனக்கு வாய்த்தவன் பொன்னுதுரை, நல்லவன், வெயிலுக்குத் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தவன், டேப்பை மட்டும் கொடுக்காதவன். நாற்பது நாள், அறுபத்திரண்டு கிணறு, ஒரு தடவைகூட என் கை டேப்பைத் தொடவில்லை. கேட்டேன். "விழுந்து கிழுந்து வைக்காத" என்றான். அவனும் நல்லதுக்குத்தான்.

மூன்றாம் நாள். சரி, நினைத்துத் தொலைக்கிறேன், எப்படியும் பெஞ்சு ஆடுகிற ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போய் விழுகிறேன். மூன்றாம் நாள் ஆண்டிகுளம். அதுவரை பார்த்த கிணறுகள் எல்லாம் தோட்டத்துக் கிணறு, சுவர் கிடையாது, தரையோடு தரை. ஆண்டிகுளத்தில் எட்டுக் கிணறு, எட்டும் குடிதண்ணீர்க் கிணறு, பஞ்சாயத்தில் புதிதாகக் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டியிருந்தார்கள், என் நெஞ்சு வரைக்கும் வந்தது. பொன்னுதுரை சுவர் மேலிருந்து இறக்கினான். எட்டு மீட்டர் பத்து என்றான். நான் எழுதினேன். எழுதிவிட்டு, "சுவரக் கழிக்கணும்லா?" என்றேன். தரையிலிருந்துதானே அளவு சொல்ல வேண்டும், இது முதல் பாடம், முதல் பருவத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அவனுக்கும் தெரியும். வெயில் மண்டையைப் பிளந்தது, பின்னால் நாலு பெண்கள் குடத்தோடு காத்துக்கொண்டிருந்தார்கள். "ஏட்டி, நீ நோட்டப் பிடி. கழிக்கதெல்லாம் சார் கழிப்பாரு." குடத்தோடு நின்ற ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கா எனக்கா தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. நோட்டில் சுவருக்குக் கட்டம் இல்லை. பையிலிருந்த அப்பாவின் தையல் டேப்பால் சுவரை அளந்து, ஓரத்தில், பென்சிலில், ஒன்று பத்து என்று எழுதினேன். அதற்கப்புறம் அவன் அடுத்த கிணற்றுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அதே டேப்பை எடுத்துச் சுவரை அளந்து ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். அந்தச் சிரித்தவள், நாகரத்தினம் என்று பெயர், வாழைத்தார் ஏற்றுகிற வேலை, என்னிடம் வந்து, "என்ன தாயி எழுதுத?" என்றாள். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறோம் என்றேன். "எங்க எறங்கியிருக்கு? சொவரத் தூக்குனதுக்கு ரெண்டு முழம் கயிறு கூட வாங்குனோம், அது சொவருக்கு. தண்ணிக்குன்னு ஒரு சாண் கயிறு வாங்கல." அதையும் எழுதினேன். ஓரத்தில்.

சார் கழிப்பார் என்று நாங்கள் நினைத்தோம், நாங்கள் கழித்துக் கொண்டுவந்திருப்போம் என்று சார் நினைத்தார். நடுவில் சுவர் அப்படியே நின்றுவிட்டது. இதில் எனக்கு என்ன பங்கு? நோட்டுப் பிடித்ததோடு சரியா? இல்லையே. அட்டவணையைக் கணினியில் ஏற்றியது நான். ஆடி மாதம், ஆய்வுக்கூடத்தில், தனியாக. பொன்னுதுரை கையெழுத்துப் புரியாது என்றும் என் கையெழுத்து அழகு என்றும் சொல்லி, ஏற்றுகிற வேலையும் எனக்கே வந்தது. கட்டத்தில் இருப்பதை ஏற்றினேன். ஓரத்தில் இருப்பதற்குக் கட்டம் இல்லை. என் பென்சில் எழுத்து நோட்டில் இருந்து என்னைப் பார்த்தது, ஒன்று பத்து, ஒன்று பதினைந்து, ஒன்று பத்து, நான் திருப்பி அதைப் பார்த்தேன். யாராவது கேட்கட்டும் என்று இருந்தேன். நோட்டுப் பிடிக்கச் சொன்னீர்கள், பிடித்தேன், அவ்வளவுதானே என் வேலை, அதற்கு மேல் எனக்கு என்ன? விடுதியில் சாம்பாரில் உப்பு கூட என்று வார்டனோடு முக்கால் மணி நேரம் வாதாடுகிறவள், பேருந்தில் இரண்டு ரூபாய்ச் சில்லறைக்கு நடத்துநரை அடுத்த நிறுத்தம் வரைக்கும் விடாதவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. ரோஷம். ரோஷம் என்று சொன்னால் அழகாக இருக்கிறது, அதனால் சொல்லிப் பார்க்கிறேன். உண்மையில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அவர்கள் வரைபடம் தப்பாக இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியும் என்கிற சந்தோஷம், வாயில் போட்டு ஒதுக்கிய மிட்டாய் மாதிரி. கோட்டுக்காரர் கேட்டிருந்தால் இதுதான் என் தனிப்பட்ட உத்தி என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் போன வியாழக்கிழமை, எங்கள் அளவுகளை வைத்துச் சார் எழுதிய அறிக்கையின் நகல் துறை அறிவிப்புப் பலகையில் வந்தது, மேற்படியைப் பார்த்த அதே நாள். வரைபடத்தில் ஆண்டிகுளத்தைச் சுற்றி ஒரு பள்ளம், சிவப்பு வண்ணத்தில். கீழே ஒரு வரி: நிலத்தடி நீர் ஆபத்தான அளவுக்குச் சரிந்துள்ளதால் இவ்வூரில் புதிய கிணறோ பம்ப் இணைப்போ அனுமதிக்க வேண்டாமெனப் பரிந்துரைக்கப்படுகிறது. மாதக் கடைசியில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. நான் படித்தேன். படித்துவிட்டு நேராக மேற்படிக்குச் சண்டை போடப் போனேன். என் அநியாயத்துக்குத்தான் போனேன். நாகரத்தினத்துக்குப் போகவில்லை.

ஐந்தாவது ஆள். இல்லை, அது பொன்னுதுரை, ஆறாவது. ஐந்தாமவன் எப்போது போனான், வந்தான்? பொன்னுதுரை என் முன்னால் நின்று சட்டையை உள்ளே செருகினான். "ஆண்டிகுளம் கேப்பாங்களாம். என்னட்டி சொல்ல?" இவனிடம் சொல்லிவிடலாம். இவன் உள்ளே போய்ச் சுவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை இவனுக்கு, ஆண்டிகுளம் தப்பிக்கும், நான் நல்லவளாக நோட்டைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். ஊருக்கு நல்லதுதானே, யார் சொன்னால் என்ன? ஒரு நொடி நிஜமாகவே அது பெரிய மனசு மாதிரித் தெரிந்தது. பிறகு அதன் அடியில் இருந்த மேற்படி தெரிந்தது, பச்சை மையில். "ஒனக்குத் தெரியாதா?" என்றேன். "எட்டு மீட்டர் பத்துன்னு சொன்னது நீதானல." அவன் முகம் ஒரு கணம் எதையோ தேடியது, கிணற்றுக்குள் டேப் இறங்கும்போது தேடுகிற மாதிரி. அதற்குள் வடிவக்கா பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். கதவு மூடியது. உள்ளே சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சார் முகம் சுண்டும், திட்டத்திலிருந்து நேர்முகத்துக்கு வந்திருக்கிற வெளி ஆள் முன்னால். பொன்னுதுரை இனிமேல் என்னோடு பேச மாட்டான். இவ்வளவு நாள் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், அதுதான் நியாயமான கேள்வி. இப்படிப்பட்டவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? சொல்லாவிட்டால், மேற்படிக்காக மட்டும் சண்டை போட்டால், ஒருவேளை பாவம் என்று ஒரு வாய்ப்புத் தரலாம். எது உத்தி? உள்ளங்கை வேர்த்து ஐந்தாண்டுத் திட்டம் நனைந்துவிட்டது, காலிக் கோடுகளில் முதல் கோடு கலங்கியிருக்கிறது. எனக்கு வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை, இரண்டு வருடம் டேப் என் கையில் இருக்கும், நான் இறக்குவேன், நனைந்த இடத்தை நான் பார்ப்பேன். அது வேண்டும். ஆனால் தப்பு வரைபடத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க?

பொன்னுதுரை வெளியே வந்தான், பம்ப்தான் சொன்னானாம், என்னைப் பார்க்காமல் சொன்னான். பின்னாலேயே ஞானதிரவியம் சார், கையில் காலி டீ டம்ளர். "இன்னும் இங்கதான் இருக்கியாம்மா? ஒனக்குத்தான் சொன்னம்லா, வீட்டுக்குப் போ." எழுந்தேன், பெஞ்சு டக் என்றது. "என்னக் கேக்காம எழுதுனத என்னக் கேட்டு அடிச்சுத் திருத்திட்டீங்கன்னா போயிருதேன் சார்." "ஏய், சத்தம் போடாத, வெளியாள் இருக்காங்க." "வெளியாள் இருக்காங்கன்னுதான் சார் வந்தேன்." வடிவக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து, "யாரு சார் அது?" என்று ஒரு குரல். கதவு திறந்துதான் இருந்தது, நான் உள்ளே போய்விட்டேன். மேஜைக்குப் பின்னால் நீர்வளத் திட்டப் பொறியாளர், நரைத்த மீசை, கட்டின கோப்பின் மேல் கை, கிளம்புகிற அவசரம். மேஜையில் விரித்தபடி எங்கள் வரைபடம், சிவப்புப் பள்ளத்தோடு. "பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா" என்றார். "இது டீச்சர் லைன் சார்" என்றார் ஞானதிரவியம் சார், என் தோளுக்குப் பின்னாலிருந்து, சிரித்துக்கொண்டே. "நல்லாப் பேசும், கிளாஸ் எடுக்கத் தோதான பிள்ள. ஃபார்ம்லயும் அப்படித்தான் இருக்கு." பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது. "சரிம்மா, வந்தது வந்துட்ட. அடுத்த அஞ்சு வருசத்துக்கு என்ன திட்டம் வச்சிருக்க, சுருக்கமாச் சொல்லு." மடித்து வைத்திருந்த ஐந்தாண்டுத் திட்டத் தாளை எடுக்கவில்லை. கணினியில் ஏற்றி முடித்தபின் யாரும் திருப்பிக் கேட்காத அந்தக் கள நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன், ஆண்டிகுளம் பக்கத்தை விரித்து, சிவப்புப் பள்ளத்தின் மேலேயே வைத்தேன், பென்சில் ஓரம் அவர் பக்கம் இருக்கும்படி.

"அறுபத்திரண்டு கெணத்துக்கும் நோட்டுப் பிடிச்சவ நாந்தான் சார். ஆண்டிகுளத்துல தண்ணி எங்கயும் எறங்கல, சொவரக் கழிக்காம ஏத்திட்டோம். ஏத்துன கையும் என்னோடதுதான், தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்தேன். இனிமே மூட மாட்டேன், அதான் சார் அஞ்சு வருசத் திட்டம். வேலை குடுக்கதும் குடுக்காததும் அப்புறம், மொதல்ல சொவரக் கழிங்க."